பஸ்ஸில் பேசிய தமிழ்

டெல்லியில் தமிழ் பேசினால் யாருக்கும் புரியாது என்று நாங்கள் நம்பினோம். சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு அது ஒரு திமிர். கடைக்காரனின் மூக்கை அவன் எதிரிலேயே கிண்டலடித்துவிட்டு, "பையா, கித்னா?" என்று சிரித்துக்கொண்டே விலை கேட்போம். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதல். அழகாக இருந்தேன், நன்றாகப் படித்தேன், குரல் வேறு கணீரென்று இருக்கும். அடக்கமாக இருக்க எனக்கென்ன தலையெழுத்து?

அவளும் தமிழ்ப் பெண்தான். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பம், அம்மா நர்ஸ். பி.ஏ. இரண்டாம் வருடம் என் வகுப்பில் வந்து சேர்ந்தாள். சீக்கிரமே அவளை என்னுடையவளாக்கிக்கொண்டேன். முதல் முத்தம் கல்லூரி சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால். கொடுத்தது நான். இரண்டாவதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவள் கழுத்தைப் பற்றி, அங்கே எங்கே முத்தமிடுவேன் என்பது பற்றி, வாய்விட்டுப் பேசுவேன். எம்.ஏ. சேர்ந்ததும் ஹாஸ்டலில் ஒரே அறை, இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்பேன். எனக்கு அந்த அறைதான் வேண்டியிருந்தது, வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"மெதுவாப் பேசு. யாராவது கேட்டிரப் போறாவ. வேண்டாம், போதும்" என்பாள். சொல்லிக்கொண்டே, மடியில் கிடந்த பைக்கு அடியில் என் விரல்களை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருப்பாள்.

முன் இருக்கையில் பெரும்பாலும் சல்வார் கமீஸ் போட்ட ஒரு அம்மாள் இருப்பாள். கரோல் பாக்கில் இறங்குவாள்.

"இந்தப் பஞ்சாபிக்கா புரியப் போகுது?" என்று இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

கடைசி வருட நவராத்திரிக்கு அவளை எங்கள் வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டால் ஹாஸ்டலுக்கு அப்பாவைச் சம்மதிக்க வைப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் புடவை கட்டிக்கொண்டு வந்தாள், ஒரு பாட்டுப் பாடினாள். அம்மா உருகிப்போனாள். "எவ்வளவு பதவிசான பொண்ணு. இவளோட இருந்தாலாவது நீ உருப்படுவே" என்றாள். பாதி ஹாஸ்டல் கிடைத்த மாதிரி இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு அம்மா தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவளாம். பட்டுப்புடவையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"அச்சா! பஸ்ல வர்ற பொண்ணுங்க!" என்றாள். சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நிறைந்த கூடத்தில், கட்டிலைப் பற்றிச் சொன்னாள். கழுத்தைப் பற்றியும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. ரசித்து ரசித்துச் சொன்னாள், கடன்காரி.

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "யாரு பேசினது?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்து நின்றாள். "உங்க மகதான் பேசுவா, ஆன்ட்டி. நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"ஸச்! நெஜம்தான். இந்தப் பொண்ணு பாவம். 'வேண்டாம், போதும்'னு கெஞ்சும். என் காதால கேட்டிருக்கேன்" என்றாள் நாத்தனார்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. முன் இருக்கையில் இருந்த அந்த அம்மாளுக்குக் கேட்க மட்டும்தான் முடிந்தது. பைக்கு அடியில் இருந்த கையைப் பார்த்ததில்லை. நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளும் மாட்டுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் அடக்கமாக இருந்தது அந்த ஒரு தரம்தான், அதுவும் அவளுக்காக. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அம்மா வெற்றிலைத் தட்டை என் கையில் திணித்தாள். வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே. "அவளுக்குக் குடுத்து அனுப்பு."

நீட்டினேன். என் விரல் மேல் படாமல், வெற்றிலையை நுனியில் பிடித்து எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

பி.ஏ. பரீட்சைக்குக்கூடக் காத்திருக்காமல் தை மாதம் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அவள் எம்.ஏ. சேர்ந்தாள், ஹாஸ்டலில். அம்மாதான் வந்து சொன்னாள். "அந்த நல்ல பொண்ணுக்கு ரூம் கிடைச்சிடுச்சாம்."