தம்பியின் நடுக்கமும் அம்மா மறைத்த சொந்தமும்

போன ஞாயிறு என் தம்பி யூட் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான். பாதி சிந்திவிட்டது. நான் கை தட்டினேன்.

போன வருடமென்றால் கோப்பையில் ஒரு சொட்டும் மிஞ்சியிருக்காது!

யூட்டுக்குத் தலை ஆடும். கை நடுங்கும். நடை தள்ளாடும். வருடா வருடம் கூடிக்கொண்டே போனது. ஒரு டாக்டர் வெறும் நடுக்கம் என்றார். இன்னொருவர் ஸ்ட்ரெஸ் என்றார். எங்கள் சனம்? தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டது — குடி!

"என்ன யூட், காலமையே ஏத்தியாச்சோ?"

பியரைக்கூடத் தொடாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? இந்த வாய்களுக்கு எந்த டாக்டரிடம் மருந்து இருக்கிறது?

கடைசியில் இங்கே ஜெர்மனியில், ஹனோவரில் ஒரு பெண் நரம்பு டாக்டரிடம் டெர்மின், அதாவது பார்க்க நேரம், கிடைத்தது. அம்மாவும் கூட வந்தார். டாக்டர் யூட்டை நேர்கோட்டில் நடக்கவிட்டார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு கேட்டார்: "இது பரம்பரை வருத்தமாக இருக்கலாம். அப்பாவும் அம்மாவும் சொந்தக்காரர்களா?"

அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"இல்லை எண்டு சொல்லு."

"அம்மா! அப்பா உங்கட சொந்த மச்சான் எல்லோ?"

"வெள்ளைக்காரி சிரிப்பாள். வெளியில தெரிஞ்சா உன்ர மகளை ஆர் கேட்டு வருவினம்?"

"இவ கலியாணம் பேச வரேல்லை அம்மா. உங்கட பிள்ளைக்கு நடக்க ஏலாமல் போகுது!"

நான் வாயை அடக்குகிற ஆள் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. சொந்தத்தில் கட்டினால் இரண்டு பக்கத்திலும் ஒளிந்திருக்கும் ஒரே பழுது பிள்ளைக்குச் சேர்ந்து வரலாமாம். உடனே ரத்தத்தில் விற்றமின் ஈ பார்க்கச் சொன்னார். கிட்டத்தட்ட இல்லவே இல்லை! மரபணுச் சோதனையும் அதையே உறுதிப்படுத்தியது. சாப்பாட்டில் வரும் அந்த விற்றமினை உடம்பு தக்கவைக்க முடியாத ஒருவகைப் பரம்பரை அட்டாக்சியா, அதாவது நடையையும் கையையும் தள்ளாட வைக்கும் நரம்பு வருத்தம்.

அட்டாக்சியாவில் பல வகைக்கு மருந்தே இல்லை. இதற்கு இருக்கிறது... வெறும் விற்றமின் மாத்திரை! ஆயுள் முழுக்கப் போட வேண்டும். இனி மோசமாகாது, கொஞ்சம் குறையவும் செய்யும் என்றார் டாக்டர்.

யூட் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இனி ஆரும் கேட்டா, ஓம், காலமை ரெண்டு போட்டனான் எண்டு சொல்லுறன்!"

அம்மா இப்போது சொந்தமெல்லாம் தேடித் தேடிப் போன் போடுகிறார். "டொக்டர் கேட்டா ஒண்டையும் ஒளிக்காதேங்கோ!"

"கலியாணத் தரகர் கேட்டா?" என்றேன்.

"அது வேற கதை."