ஒன்பது பல்லில் இரண்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. முதல் பிரசவத்துக்கு என் மனைவியை மாட்டு வண்டியில் ஏழு மணி நேரம் கூட்டிப்போனோம், குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு வாங்கியது அந்தக் கார். பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்திலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இருபத்தெட்டு மைல்.

இரண்டாவது குழந்தைக்கு நாள் நெருங்கியபோது ஸ்டார்ட்டர் நின்றுபோயிற்று. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றலாம். ஆனால் போன மாதம் அது திருப்பி உதைத்ததில் என் மணிக்கட்டு பிசகியிருந்தது. அதைப் பார்த்த பண்ணையத்து ஆட்கள் கைப்பிடியைத் தொடவே மறுத்தார்கள். நான்கு பேர் தள்ளி வண்டியைக் கிளப்பி, மனைவியோடு கோயமுத்தூர் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பத்து நாளுக்கு மேல் தாங்காது என்றார். என் கணக்கில் பத்தொன்பது நாள் இருந்தது.

அங்கிருந்து நேரே கோட்டைமேட்டுப் பட்டறைக்கு. பட்டறைக்கார பாய் ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பினார். மின்சாரம் வாங்கும் கார்பன் துண்டுகள் நான்கும் பாதியாகத் தேய்ந்திருந்தன. தண்டைத் தாங்கும் பித்தளைப் புஷ் தேய்ந்திருந்தது. இன்ஜினைப் பிடித்துச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தில் ஒன்பது பல், இரண்டு மழுங்கியிருந்தன. மூன்று தடவை எண்ணினேன்.

"எதையெதை மாத்தட்டுங்க?" என்றார் பாய்.

"நீங்க பாத்துச் செய்யுங்க பாய்."

"வண்டி உங்களுதுங்க. நீங்க சொன்னாச் செஞ்சுபோடறேனுங்க."

"உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"உங்க இஷ்டமுங்க."

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. முடிவு எதிராளி வாயிலிருந்துதான் வர வேண்டும். எனக்கு எல்லாவற்றையும் மாற்ற ஆசை. ஆனால் பல்சக்கரம் மதராஸிலிருந்து வர பன்னிரண்டு நாள் ஆகும். இருப்பதோ பத்து. இதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அரை மணி நேரம் போயிற்று.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள்: "ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் மரியாதை பேசி முடிக்கறதுக்குள்ள நான் இங்கயே பெத்துப்போடுவேனாட்ட இருக்குது."

பாய் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவள் என் தோளைப் பிடித்து எழுந்து வந்து, தண்டைப் புஷ்ஷில் செருகி ஆட்டிப் பார்த்தாள். நன்றாக ஆடியது.

"ஊட்டுல மாவு திரிக்கற திருகைல நடு முளை தேஞ்சுபோனா மேக்கல்லு சாஞ்சு உரசும். முளையத்தானுங்க மாத்தறோம், கல்லையா மாத்தறோம்?"

பாய் ஸ்டார்ட்டருக்கு உள்ளே விழுந்திருந்த கீறலைக் காட்டினார். "அம்மணி சொல்றது சரிங்க. இங்கயும் உரசியிருக்குதுங்க. புஷ்ஷக் கடைஞ்சு போட்டர்றேன். மில்லு மோட்டார் கார்பன் இருக்குது, அராவிப் போட்டுக்கலாமுங்க."

"அந்த ரெண்டு பல்லு?" என்றேன்.

"எனக்குந்தான் ரெண்டு கடவாப்பல்லு இல்லீங்க. சோறு திங்கலியா?"

மாலைக்குள் வேலை முடிந்தது. இருபது தடவை அழுத்திப் பார்த்தேன். பதினெட்டுத் தடவை பிடித்தது. மீதி இரண்டு தடவையை நினைத்து எட்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வலி எடுத்தது. வண்டியைத் தள்ள ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அவளைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டு அழுத்தினேன். ஸ்டார்ட்டர் வெறுமனே சுழன்று இரைந்தது. மறுபடி அழுத்தினேன். அதே இரைச்சல். பின்னாலிருந்து அவள் என் சட்டையை இறுகப் பிடித்தாள்.

"இன்னொருக்கா அமுத்து கண்ணு."

ஐம்பத்திரண்டு வருஷக் குடும்பத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது அழுத்தலில் பிடித்தது. ஒரு மணி இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. விளக்கு வைக்குமுன் பெண் குழந்தை. ஆறே கால் பவுண்டு.

குழந்தையோடு ஊர் திரும்பும் வழியில் பட்டறையில் நிறுத்தினோம். பாய் தானாகவே எழுதிப்போட்டிருந்த பல்சக்கரம் மதராஸிலிருந்து வந்திருந்தது. "மாத்திரலாங்களா?" என்றார் பாய். நான் மனைவியைப் பார்த்தேன், பாயும் பார்த்தார்.

அவள் குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க இஷ்டமுங்க" என்றாள்.