தட்டிப் பார்க்காத மூடி

மதியம் பன்னிரண்டரை ஆனால் அந்தச் சத்தம் கேட்கும்.

டக்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய்ந்து, அடுப்படி அனலாய்க் கொதிக்கிற நேரம் அது. அலமாரியின் மேல்தட்டில் ஒரே ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளரிப் பிஞ்சுகள், நாலு பூண்டுப் பல், ஒரு கொத்து சதகுப்பைத் தழை. தண்ணீர் அரிசி களைந்த நீர்போலக் கலங்கியிருந்தது. வெயில் ஏறினால் தகர மூடியின் நடுப்பகுதி மேலே எழும்பும். சாயங்காலம் சூடு தணிந்தால் உள்ளே இறங்கும். ஏறும்போது ஒரு டக். இறங்கும்போது ஒரு டக்.

ஒவ்வொரு முறையும் அல்போன்சா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"என்னடி ரூபி?" என்பாள்.

ரூபி அவளுடைய ஒரே மகள். இறந்து ஒரு வருஷமும் இருபது நாளும் ஆகிறது.

"அக்கா, மறுபடியும் அந்த பாட்டிலோட பேச ஆரம்பிச்சுட்டீங்களா?" வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள் நஸீரா. இருவரும் குஜிலியம்பாறை போகிற வழியில் இருக்கும் வெள்ளரி கம்பெனியில் ஒரே மேஜையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர்கள். நஸீரா இன்னும் பார்க்கிறாள். அல்போன்சா மகளைப் புதைத்த நாளோடு நின்றுவிட்டாள்.

"பேசலடி. சும்மா பாத்தேன்."

"என்னத்தப் பாத்தீங்க? அந்தத் தண்ணியப் பாத்தா எனக்கே வயித்தக் கலக்குது. சூப்பர்வைசர் கண்ணுல பட்டுச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் சேத்து ரிஜெக்ட் தொட்டியில போட்டுருவாரு. எடுத்துக் கொட்டுங்கக்கா."

நஸீரா குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு உங்க ஆளுக எல்லாரும் கல்லறைக்குப் போவாங்கள்ல? நீங்களும் போங்க. போன வருசமும் போகல. பெத்த புள்ளக்கி ஒரு மெழுகுவத்தி ஏத்த மாட்டீங்களா? நானா இருந்தா மாசத்துக்கு நாலு தரம் போயி நிப்பேன்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடி போறது?" என்றாள் அல்போன்சா.

நஸீரா அதைத் துக்கத்தில் வந்த சொல் என்று நினைத்தாள். அது துக்கம் மட்டும் இல்லை. அல்போன்சா நெஞ்சுக்குள் ஒரு வருஷமாக ஒரு கேள்வி உட்கார்ந்திருந்தது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் மூன்று முறை போய் முழங்காலிட்டும் அது வாயை விட்டு வரவில்லை. அதனால்தான் ஞாயிறு பூசையில் மற்றவர்கள் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது அவள் மட்டும் பெஞ்சியில் குனிந்தே இருப்பாள்.

என் மகளை நானா கொன்றேன்?

இதுதான் அந்தக் கேள்வி.

*

கம்பெனியில் அவள் வேலை கண்ணால் பார்ப்பதும் விரலால் தட்டுவதும். பிஞ்சுகளை அளவு பார்த்து பாட்டிலில் நிறுத்தி, 'டில்' என்று அவர்கள் சொல்லும் தழையைச் சொருகி, கொதிக்கும் வினிகர் தண்ணீர் நிரம்பி வந்ததும் பாட்டில் வாயை வெந்நீரில் அலசிப் பிழிந்த சூட்டுத் துணியால் உலரத் துடைக்க வேண்டும். மூடி இறுகி, ஆறியபின் ஒரு சிறிய கம்பியால் தட்ட வேண்டும். நல்ல மூடி கணீர் என்று பேசும். காற்று புகுந்தது மொத்தென்று விழும். ஒரு நாளைக்கு மூவாயிரம் மூடி தட்டுவாள். தன் வீட்டுக் குடத்தைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் இடுப்பில் வைப்பாள்.

முதல்நாள் அந்தத் தழையை முகர்ந்தபோதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. டில்லாவது ஒன்றாவது! இது சதகுப்பை. ரூபியைப் பெற்றுப் படுத்திருந்தபோது கருப்பட்டியோடு இடித்து உருட்டிக் கொடுத்தார்களே, அதே வாசம். பச்சைக் குழந்தையின் தலையில், துணியில், அவள் மார்பில் எல்லாம் நாற்பது நாள் அடித்த வாசம். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் வெளிநாட்டில் யாரோ ரொட்டியோடு தின்கிற பாட்டிலுக்குள் தன் பிள்ளைப்பேற்றின் வாசம் போகிறது என்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. அன்று சாயங்காலம் ரூபியிடம் சொன்னாள்.

"அப்ப எனக்கு வேணும்மா அந்த ஊறுகா" என்றாள் ரூபி.

அன்று தொடங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை, தாடிக்கொம்புப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வளைந்த பிஞ்சுகளை வாங்கி வந்து அல்போன்சா வீட்டில் போடுவாள். ரூபிக்குப் பொறுமை கிடையாது. மூன்று வாரம் ஊற வேண்டும் என்றால் இரண்டாம் நாளே மூடியைத் திருகிவிடுவாள். "ஏய், அது இன்னும் பச்ச வெள்ளரிடி!" என்று அம்மா கத்தினால், "பச்சயா இருந்தாத்தான் எனக்குப் பிடிக்கும்" என்று கடித்துக்கொண்டே ஓடுவாள். சாப்பாட்டு விஷயத்தில் அம்மாவின் ஒரு சொல்லுக்கும் அடங்காத பெண்.

பாஸ்கலுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பூர் போன பிறகு, போன வருஷம் செப்டம்பரில் போன் செய்தாள். "அம்மா, இந்தத் தடவ புளிப்பக் கொறச்சுப் போடும்மா. அவருக்குப் பல்லு கூசுதாம்."

மருமகனுக்காக அல்போன்சா வினிகரைக் குறைத்தாள். ஐந்து பாட்டில் போட்டாள். ஒரு பாட்டிலை நாகல்நகர் ஸ்டாப்பில் திருப்பூர் பஸ் ஏறிய தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். கம்பெனிப் பழக்கத்தில் மூடிக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே ஒரு காகிதப் பட்டை ஒட்டி, தேதியும் எழுதியிருந்தாள். போனில் கண்டிப்பாகச் சொன்னாள்:

"மூணு வாரம் தொடாத. நானே வாரேன். வந்து மூடியத் தட்டிப் பாத்துட்டுத்தான் திறக்கணும். கேட்டுச்சா?"

மூன்று வாரம் ஆனது. கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. ஞாயிறும் வேலை. வாரேன் வாரேன் என்று இரண்டு ஞாயிறு தள்ளிப்போனது. ரூபி போன் செய்தாள்.

"எப்பம்மா வார? பாட்டிலப் பாத்துப் பாத்து நாக்குல எச்சி ஊறுது."

"அடுத்த ஞாயித்துக்கிழம வாரேன்டி. நீ தொறந்துட்டியா?"

ரூபி சிரித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அல்போன்சா காதில் விழுந்த கடைசிச் சிரிப்பு அது.

வியாழக்கிழமை வாந்தி, வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. அடித்துப் பிடித்துப் போன அல்போன்சாவின் முன்னால்தான் டாக்டர் பாஸ்கலிடம் கேட்டார். "வெளியில ஏதாவது சாப்பிட்டாங்களா?" பாஸ்கல், "இல்ல சார், எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்" என்றான். சொல்லும்போது மாமியாரை ஒரு முறை பார்த்தான். கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மகளைத் திண்டுக்கல்லுக்கே கொண்டுவந்து, அவள் அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அழுது வீங்கிய கண் முதலில் பார்த்தது அலமாரியைத்தான்.

நாலு பாட்டில். நாலின் மூடிகளும் மேலே எழும்பி நின்றன. உள்ளே கெட்டால்தான் மூடி அப்படி எழும்பும்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாங்காய், எலுமிச்சை போடும்போது பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஜாடி வாயை நல்லெண்ணெய்த் துணியால் துடைப்பாள். அன்றும் அப்படியே துடைத்திருக்கிறாள்! எண்ணெய் பட்ட வாயில் மூடி இறுகாது என்பது மூவாயிரம் மூடி தட்டுகிறவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கம்பெனியில் இருக்கும் கை வேறு. சொந்த அடுப்படியில் இருக்கும் கை வேறு. ஆறியபின் கம்பெனிக்கு பஸ் பிடிக்க ஓடிய அவசரத்தில், ஊர் மூடியெல்லாம் தட்டியவள் மகளுக்கு அனுப்பிய மூடியைத் தட்டவில்லை.

மூன்று பாட்டிலை முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். நாலாவதைப் புதைக்கக் கை வரவில்லை. தண்டனையாக அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து டக். அன்றிலிருந்து, நடக்கும்போதும் குளிக்கும்போதும் எங்கிருந்தோ சதகுப்பை வாசம். பிறந்த குழந்தையின் தலையிலிருந்து வருவதுபோல் வரும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

*

நஸீரா போனபின், வெயில் இறங்குகிற நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. பாஸ்கல் இறங்கினான். கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஒரு வருஷத்தில் இளைத்துக் கறுத்திருந்தான்.

"வாங்க மாப்ள. ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? சோத்துக்கு வெஞ்சனம்கூட ஒண்ணும் வைக்கல."

"இருக்கட்டும் அத்தை. தண்ணி மட்டும் குடுங்க."

தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை… வீட்ல எனக்குப் பொண்ணு பாத்திருக்காங்க. கிறிஸ்மஸ் கழிச்சு. உங்ககிட்டச் சொல்லாம…"

"நல்லதுய்யா. நீங்க எம்புட்டு நாளைக்கு ஒத்தையா இருப்பீங்க?" அவள் உண்மையாகவே சொன்னாள். ஆனால் கண் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது.

"ரூபி சாமானுங்க. வேற ஒருத்தி வந்து எடுத்து வைக்கிறது நல்லா இருக்காதுன்னு நானே கொண்டாந்தேன்."

கேட்டுவிட இதுதான் நேரம். இனி இவன் இந்த வாசலை மிதிப்பானோ மாட்டானோ. அல்போன்சா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள்.

"மாப்ள, ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும். நான் குடுத்து விட்ட ஊறுகா… அதத் தின்னுதான எம்புள்ள செத்தா?"

பாஸ்கல் நிமிர்ந்தான்.

"என்ன அத்தை சொல்றீங்க?"

"டாக்டர் கேட்டப்ப வீட்டுச் சாப்பாடுன்னு சொல்லி என்னையப் பாத்தீங்களே! அது கெட்ட பாட்டில்ய்யா. நான் எண்ணெய்த் துணியால துடச்சு மூடினேன். தட்டிப் பாக்காம அனுப்பினேன். நீங்க தெரிஞ்சும் மறைக்கிறீங்க. என்னையக் காட்டிக் குடுக்காம இருக்கீங்க." ஒரு வருஷமாக அடைத்துக் கிடந்தது மடை உடைந்து வந்தது. அவன் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் பதறி அவள் கைகளைப் பிடித்தான். "அத்தை, அத்தை! உங்களப் பாத்தேன், ஆமா. 'என் பொண்டாட்டியக் காப்பாத்த முடியலையே, இவங்க முகத்துல எப்படி முழிக்கப் போறேன்'னு பாத்தேன். அம்புட்டுதான்."

பிறகு பெட்டியைத் திறந்தான். ரூபி பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகும் இரண்டு பருத்திப் புடவை, ஜெபமாலை, கண்ணாடிக்கூடு. அடியில் நீலப்புடவை சுற்றிய ஒரு பொருள். அதை அவள் மடியில் வைத்தான்.

அல்போன்சா புடவையைப் பிரித்தாள்.

பாட்டில். தண்ணீர் கலங்கியிருந்தது. மூடி எழும்பியிருந்தது. ஆனால் மூடிக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே அவள் ஒட்டிய காகிதப் பட்டை கிழியாமல் இருந்தது. அவள் கையெழுத்தில் அவள் எழுதிய தேதி. அதற்குக் கீழே, பென்சிலில், ரூபியின் சாய்ந்த எழுத்து:

'அம்மா தட்டின பிறகு.'

"தினம் எடுத்துப் பாப்பா அத்தை. 'ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தின்னுடி, யாருக்குத் தெரியப்போவுது'ன்னு நான்கூடச் சொன்னேன். 'எங்கம்மா வந்து தட்டணும், அவங்க பேச்ச நான் எதையும் கேட்டதில்ல, இத ஒண்ணையாவது கேக்குறேன்'னுட்டா. 'தொறந்துட்டியா'ன்னு நீங்க கேட்டா, தொறந்த மாதிரியே சிரிச்சு வைப்பேன்னு வேற எங்கிட்டச் சொல்லியிருந்தா. நீங்க நம்பிருவீங்களாம். கோவத்துல ஓடி வந்துருவீங்களாம்."

அல்போன்சா பட்டையைத் தடவினாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. மறுபடியும் ஒரு முறை.

நான் கொல்லவில்லை. நெஞ்சிலிருந்த பாறை உருண்டது. உருண்ட இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஒரு சொல்லுக்கும் அடங்காத பிள்ளை ஒரு சொல்லுக்கு அடங்கிக் காத்திருந்தாளே, நான் போகவே இல்லையே!

"மூணு ஞாயித்துக்கிழம, மாப்ள. மூணு ஞாயித்துக்கிழம வாரேன் வாரேன்னு சொன்னேன்."

பாஸ்கல் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அலமாரியில் டக் என்றது. அவன் திடுக்கிட்டு மேலே பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

*

மறுநாள் கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்கச் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் சாம்பிராணிப் புகையும். அல்போன்சா கூட்டத்துக்கு நடுவே நடந்து, புருஷன் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த புதிய சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு பையிலிருந்து அந்த பாட்டிலை எடுத்து மண்மேட்டில் வைத்தாள்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பது வழக்கம்தான். பிரியாணிப் பொட்டலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கலங்கிய வெள்ளரி பாட்டிலை யாரும் வைத்ததில்லை.

அல்போன்சா ஆள்காட்டி விரலை மடக்கினாள்.

"ரூபி, அம்மா வந்துட்டேன்டி" என்று சொல்லி, மூடியைத் தட்டினாள்.

மொத்து.

"கெட்டுப்போச்சு தாயி. இதத் திறக்க வேணாம். வேற போட்டுத் தாரேன்."

பட்டையைக் கிழிக்காமலேயே பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் முருங்கை மரத்தடியில் இன்னொரு குழி தோண்டி, அந்த பாட்டிலையும் அலமாரியில் இருந்ததையும் சேர்த்துப் புதைத்தாள். அலமாரித் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள்.

அடுத்த நாள் மதியம் நஸீரா வந்தபோது அல்போன்சா வினிகரைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முறத்தில் வளைந்த பிஞ்சுகள். ஒரே ஒரு காலி பாட்டில். அதன் வாயை அவள் சூட்டுத் துணியால் உலர, எண்ணெயில்லாமல், திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக்கா?" என்றாள் நஸீரா.

அல்போன்சா வாய் திறப்பதற்குள் பன்னிரண்டரை ஆனது.

டக்.

நஸீரா காலி அலமாரியைப் பார்த்தாள். கூரை காய்கிற சத்தமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நகர்ந்து வந்து அல்போன்சாவை ஒட்டி நின்றுகொண்டாள். அடுப்படியில் பச்சையாகச் சதகுப்பை வாசம் அடித்தது. தழைக்கட்டு இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.

அல்போன்சா துடைப்பதை நிறுத்தவில்லை.

"மூணு வாரம் பொறுடி" என்றாள். "இந்தத் தடவ அம்மா இங்கதான் இருக்கேன்."