அடுப்பில் பறந்த வெள்ளிப் பொறி

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை எனக்கு. கொஞ்ச நாளாகச் சாயங்காலம் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தால், நீலத் தீக்குள் வெள்ளி வெள்ளியாகப் பொறி பறந்தது. அடுப்பு, என் வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

“எவனோ பழுதான அடுப்ப உங்க தலையில கட்டிட்டான். பாத்து வாங்க மாட்டீகளா?” என்று சண்டை பிடித்தேன். அவர் டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார், கசிவு இல்லை. சிலிண்டர் போடுகிறவரையும் சந்தேகப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் மூன்று வேளையும் சமைத்தேன். ஒரு பொறிகூட இல்லை. திங்கள் சாயங்காலம் மறுபடியும் பறந்தது.

“நீ வேலை விட்டு வந்தா மட்டும் ஏன் புள்ள வருது?” என்றார் அவர்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய், சேலைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையை உதறினேன். சாய்ந்த வெயிலில், புஸ்வாண மருந்தில் வெள்ளிப் பொறிக்காகக் கலக்கிற அலுமினியப் பொடி மினுமினுத்தது. குளித்து, உடை மாற்றிக் கிளம்பச் சொல்லி போர்மேன் தினமும் கத்துவார். கம்பெனி வேனில் ஜன்னலோர இடம் போய்விடுமென்று கை காலை மட்டும் கழுவிக்கொண்டு ஓடிவிடுவேன். அந்தச் சட்டையோடுதான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறேன்.

இப்போது கம்பெனியிலேயே குளித்து, சட்டையை அங்கேயே அலசிப் போட்டுவிட்டு, கடைசி ஆளாக ஏறி வேனில் நின்றபடியே வருகிறேன். ஆனாலும் அடுப்படிக்குள் நுழையும் முன் கொல்லையில் நின்று முந்தானையை உதறிப் பார்க்கிறேன். அடுப்பை நம்பிவிட்டேன்; என்னை இன்னும் நம்பவில்லை.