ஞானாம்பிகைக்குக் கிடைத்த இடம்

அறுபத்தெட்டாம் ஆண்டு மாரி தொடங்கியிருந்த நேரம். ஞானாம்பிகை கரவெட்டியிலிருந்து முதல் பஸ் ஏறிக் குருநகருக்கு வேலை தேடி வந்தாள். நைலோன் வலை செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. இயந்திரம் பின்னித் தள்ளும் வலையில் அறுந்த கண்களைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும் வேலைக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள்.

அவளுடைய கணவன் வவுனியாவில் காடு வெட்டிக் கமம் செய்யப் போன இடத்தில் நெருப்புக் காய்ச்சல் வந்து செத்துப்போனான். பிள்ளை குட்டி இல்லை. அதன் பிறகு அண்ணன் அருளம்பலம் வீட்டில் இருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு குசினி மூலையில் சுவரைப் பார்த்தபடி தன் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொள்வாள். போய் இரு என்று யாரும் சொன்னதில்லை. அவளாகப் போய் இருந்து, அதுவே பழகிவிட்டது.

முகாமையாளர் செல்வநாயகம் அவள் கையை ஒருநாள் முழுக்கக் கவனித்தார். லேஸ் பின்னிப் பழகிய விரல்கள். முடிச்சு இறுகி விழுந்தது. அவருக்குத் திருப்திதான். ஆனாலும் பின்னேரம் லூர்த்தம்மாவைக் கூப்பிட்டார். வலைக்கூடத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் மூத்தவள் அவள். எல்லோரும் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்கள், ஒரே மாதா கோவில் பங்கு, பக்கத்துப் பக்கத்து ஒழுங்கை, ஒருத்திக்கு ஒருத்தி மச்சாள் முறை.

“வேலையை நான் பாத்திட்டன். உங்களோடை ஒத்துவருவாவோ எண்டதை நீங்கள்தான் சொல்லவேணும்.”

“கை நல்ல கை, ஐயா. ஆள்தான் பிடிபடேல்லை. வாய் திறக்கிறா இல்லை. சாப்பிடேக்கை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறா. கமக்கார வீட்டு ஆள். எங்களைத் தொட்டால் தீட்டெண்டு நினைக்கிறாவோ தெரியாது.”

“அப்ப வேண்டாமெண்டு சொல்லுறீங்களோ?”

“இன்னும் ரெண்டொரு நாள் விட்டுப் பாப்பம்.”

அந்தக் கூடத்தில் மத்தியானம் தனித்தனியே சாப்பிடும் வழக்கம் இல்லை. ஆளாளுக்குக் கொண்டுவந்த சோற்றையும் மீன்குழம்பையும் சொதியையும் ஒரு பெரிய சட்டியில் கொட்டி, லூர்த்தம்மா கைநிறைய அள்ளிக் குழைத்து, உருட்டி உருட்டி எல்லோருடைய உள்ளங்கையிலும் வைப்பாள். ஞானாம்பிகை ஜன்னலோரம் சுவரைப் பார்த்தபடி தன் புட்டைத் தின்றாள். பின்னால் எழுந்த சிரிப்புக்கு அவளுடைய தோள் சுருங்கியது. தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். அப்படி ஒன்றும் இல்லை. யாரோ ஒருத்தியின் புருஷனைப் பற்றிய பகிடி அது.

அடுத்த நாள் லூர்த்தம்மா சட்டியோடு எழும்பி அவளருகே வந்து குந்தினாள்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். எங்கடை கையாலை வாங்கித் தின்னமாட்டீரோ?”

ஞானாம்பிகை கையிலிருந்த புட்டைக் கீழே வைத்தாள். “அப்பிடி ஒண்டும் இல்லை, அக்கா. ஆக்களோடை இருந்து சாப்பிட்டுக் கனகாலம். எப்பிடி வந்து இருக்கிறதெண்டு தெரியேல்லை.”

 லூர்த்தம்மா ஒரு கவளம் உருட்டி நீட்டினாள். ஞானாம்பிகை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினாள். உறைப்பு, கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று பின்னேரம் செல்வநாயகத்தின் அறைக்குப் போன லூர்த்தம்மா, “இருக்கட்டும் ஐயா, எங்கடை ஆள்தான்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தச் சந்தோஷத்தை மனதுக்குள் வைத்துக்கொள்ள ஞானாம்பிகைக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் அண்ணி மீனாம்பிகையிடம், “வேலை சரி வந்திட்டுது. மத்தியானம் அவையள் சோறு குழைச்சுத் தந்தவை, அண்ணி. நல்ல ருசி” என்றாள். மீனாம்பிகை விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். விடிந்து பார்க்கும்போது ஞானாம்பிகையின் தண்ணீர்ப் பேணியும் கோப்பையும் கிணற்றடிக் கல்லின் மேல் இருந்தன.

அருளம்பலம் அவள் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார். “வேலையை விடச் சொல்லேல்லை, பிள்ளை. குசினிக்குள்ளை மட்டும் வரவேண்டாம். நாளைக்கு என்ரை பெட்டையளுக்குச் சம்பந்தம் பேசவேணும்.”

அவள் சண்டை பிடிக்கவில்லை. மாரி முடியுமுன்னே கொழும்புத்துறையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு முதல் குருநகரில் இடம் தேடி லூர்த்தம்மாவும் அலைந்து பார்த்திருந்தாள். தனிய இருக்கிற சைவப் பொம்பிளைக்கு அறை கொடுக்க அந்த ஒழுங்கைகளில் யாரும் முன்வரவில்லை. “குறை நினையாதையும்” என்று மட்டும் லூர்த்தம்மா சொன்னாள்.

வருஷங்கள் போயின. வேலை நாட்களில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பகிடிகள் விளங்கின, சில வேளை அவளும் ஒன்று சொல்வாள். நாலு மணிக்குச் சங்கு ஊதினால் பெண்கள் ஒருபக்கம் கூட்டமாகப் போவார்கள், அவள் மற்றப் பக்கம் நடப்பாள்.

லூர்த்தம்மாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஞானாம்பிகை நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள். வாசலிலேயே கையைப் பிடித்து அழைத்துப் போய், முன்வரிசையில் செல்வநாயகத்துக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். சோடாவும் பீங்கானில் கேக்கும் வந்தன. பின்வளவில் கூடத்துப் பெண்கள் எல்லோரும் இறைச்சி வெட்டியபடி, வெங்காயம் உரித்தபடி, உரத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழும்பி அங்கே போய்க் கத்தியைக் கேட்டாள்.

“ஐயோ, நீங்கள் போய் இருங்கோ அக்கா, சேலை ஊத்தையாப் போடும்” என்றாள் ஒருத்தி. அன்பாகத்தான் சொன்னாள். கூடத்தில் உரிமையோடு ‘நீர், வாரும்’ என்று பேசுகிறவள் அங்கே ‘நீங்கள்’ என்றது ஞானாம்பிகையின் காதில் விழுந்தது. திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தாள். கேக்கை மிச்சம் விடாமல் தின்றாள்.

எண்பதாம் ஆண்டு கடந்தும் அவள் அந்தத் தொழிற்சாலையில்தான் இருந்தாள். அண்ணனின் பெண்கள் கல்யாணம் முடித்துப் போனார்கள். சொல்லி அனுப்பினார்கள், அவள் போய்ப் பந்தலில் நின்றுவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் போகாது. கூடத்துப் பெண்கள் மாதா கோவில் பூசைக்குப் போயிருப்பார்கள். அவள் துணி தோய்த்துக் காயப்போட்டு, ஒரு கறி சமைத்து, வெயில் தாழ்ந்ததும் இறங்குதுறைப் பக்கம் நடப்பாள். பூநகரிப் பக்கம் போகிற வள்ளத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

“அக்கா, வாறியளோ? இடம் கிடக்குது” என்று ஓட்டி கேட்பான்.

“இல்லைத் தம்பி, சும்மா வந்தனான்” என்பாள். வள்ளம் கரையை விட்டு விலகி, இயந்திரச் சத்தம் மெலிந்து கேட்காமல் போகும்வரை அங்கேயே நிற்பாள்.