செங்கல் பொடியும் என் வயசும்

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் பல் விளக்கச் செங்கல் பொடிதான். இடித்து, துணியில் சலித்து, டப்பாவில் வைத்திருப்போம். பெண் பார்க்க நாள் குறித்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். பல் பளபளக்கட்டும் என்று காலையும் மாலையும் ஒரு மாதம் அழுத்தித் தேய்த்தேன். பல் வெளுக்கத்தான் செய்தது. மோர் பட்டால்கூடக் கூசியதை யாரிடமும் சொல்லவில்லை.

பெண் வீடு அய்யலூரில். பெண்ணின் அப்பா ஆட்டுச் சந்தையில் தரகர். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசைக் கணித்த பிறகுதான் அவர் விலையே பேசுவார்.

எலுமிச்சம்பழச் சர்பத் கொடுத்தார்கள். பெண் கதவோரம் நின்று ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அப்போதே மனசு ஒப்பிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் சர்பத்தை ஒரே மடக்காகக் குடித்தேன். பல் கூச்சம் மண்டைக்கு ஏறியது. பல்லெல்லாம் தெரிய இளித்துவிட்டேன்.

தரகர் என் தாய்மாமனை வாசலுக்குக் கூப்பிட்டார். பேசியது உள்ளே நன்றாகவே கேட்டது.

“மாப்பிள்ளைக்கு இருபத்தி மூணுன்னு சொன்னீக. முன்பல்லு அம்புட்டும் தேஞ்சு கெடக்கு. நாப்பதுக்குக் கொறையாது.”

“பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் இருக்கே.”

“அத வாத்தியார் எழுதுனாரு. பல்ல யாரு எழுதுனா?”

மாமா சளைக்கவில்லை. “அப்ப திண்டுக்கல்லுல பல் டாக்டர்கிட்டயே கேட்டுருவோம். நீங்களும் வாங்க.”

மறுநாள் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்தேன். என் கல்யாணமே அந்த வாய்க்குள் கிடந்தது. டாக்டர் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

“எதுல வெளக்குறீங்க?”

“செங்கப்பொடி.”

“பல்லோட மேல்பூச்ச நீங்களே தேச்சு எடுத்துட்டீங்க. ஈறு ஓரத்துல சுண்ணாம்பு தொட்டு வச்ச மாதிரி வெள்ளையா இருக்கு, அது சொத்தைக்கு ஆரம்பம். இன்னும் குழி விழல. பொடிய விட்டுட்டு, தின்னதும் வாயக் கொப்புளிச்சா அதோட நின்னுரும்.”

தரகருக்குச் சொத்தையா பெரிது? “வயசச் சொல்லுங்க டாக்டர்.”

“இருபது வயச ஒட்டி மொளைக்கிற கடைசிப் பல்லு இப்பத்தான் ஈற முட்டிக்கிட்டு வருது. நீங்களே பாருங்க.”

சந்தையில் கிடாயைப் பிடிக்கிற பிடியில் தரகர் என் தாடையைப் பிடித்தார். செத்த நேரம் உள்ளே உற்றுப் பார்த்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மாமாவிடம் சொன்னார்:

“இன்னும் பல்லே மொளச்சு முடியலப்பு. தை மாசம் வச்சுக்குவோம்.”