பொட்டு வைத்த பேஸ்பால் கார்டு

பேஸ்பால் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பிளசன்டனுக்குக் குடிவந்த புதிதில், பந்தை அடித்தவன் ஏன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். எழுபது தாண்டியவர், ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. அரை மணி நேரம் விளக்கிப் பார்த்தார். இது தேறாது என்று தெரிந்ததும் உள்ளே கூட்டிப்போய் ஒரு ஆல்பத்தைத் திறந்தார்.

நூறு வருடத்துக்கு மேல் பழசான பேஸ்பால் கார்டுகள், ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த சின்ன அட்டைகள். மீசைக்காரர்கள் மட்டையோடு முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் மேலும் ஊதா மையில் ஒரு முத்திரை. அந்தக் காலத்தில் கார்டு அச்சடித்தவர்கள், வேறு யாரும் காப்பி அடித்துவிடாமல் இருக்க, இரண்டு பிரதிகளை வாஷிங்டனில் இருந்த காப்பிரைட் அலுவலகத்துக்கு அனுப்பிப் பதிவு செய்துகொண்டார்களாம். அங்கே யாரோ ஒரு குமாஸ்தா, வந்து சேர்ந்த தேதியைக் கார்டின் முகத்திலேயே குத்தியிருக்கிறார். அவற்றில் சில பின்னாளில் எப்படியோ வெளியே வந்தன. மற்ற சேகரிப்பாளர்களுக்கு அந்த முத்திரை கறை. இவருக்கு அதுதான் கார்டு.

விசா, கிரீன் கார்டு என்று பாதி ஆயுளை முத்திரைக்காகக் காத்திருந்தே கழித்தவன் நான். எனக்கு இந்த வியாதி தொற்ற ஒரு மாலை போதும்.

அவரிடம் இருந்த மிகப் பழைய கார்டுக்கு ஜோடி கிடையாது. அதோடு அலுவலகத்துக்குப் போன இரண்டாம் பிரதியைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். போன வருடம் அது ஆன்லைனில் என் கண்ணில் பட்டது. யோசிக்காமல் வாங்கிவிட்டேன். அவர் சந்தோஷப்படவில்லை, சந்தேகப்பட்டார். முத்திரைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லித் தன் கார்டை என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமை நாலு மணிக்குக் கார்டு திரும்ப வேண்டும், நூலகத்தில் நண்பர்கள் கூடுகிறார்கள், அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றார். பேச்சை ஒரு மாதமாகத் தயார் செய்துகொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால், அவருடைய முத்திரையில் மை காகிதத்துக்குள் ஊறியிருந்தது. என்னுடையதில் பிரின்டர் போட்ட குட்டிக் குட்டிப் புள்ளிகள். எவனோ சமீபத்தில் அச்சடித்திருக்கிறான். துக்கத்தில் இரண்டு கார்டுகளையும் உறையில் போடாமல், கார்டு விவரப் புத்தகத்தின் மேலேயே விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. என் மனைவி வீட்டிலிருந்த புத்தகங்களை எல்லாம் படத்தின் முன் அடுக்கினாள். கார்டுகளைத் தாங்கிய அந்தப் புத்தகத்தையும் அப்படியே ஏந்திக்கொண்டு வந்து வைத்தாள். சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டில் என் இலாகா. போனில் ஆபீஸ் ஈமெயிலைப் பார்த்துக்கொண்டே மகளின் கணக்குப் புத்தகம், அகராதி, லேப்டாப் என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தேன். விரலுக்கடியில் ஏதோ வழவழப்பாகத் தெரிந்தபோதுதான் குனிந்து பார்த்தேன். இரண்டு மீசைக்காரர்களின் காலடியிலும் பொட்டு.

"துடைக்காதீங்க, இன்னும் பரவும்," என்றாள் மனைவி. "இன்னிக்கு எடுக்கவும் கூடாது. நாளைக்குக் காலைலதான்."

"நாலு மணிக்கு வந்து நிப்பாரே. என்னன்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க. கதை விட்டீங்கன்னா நானே வந்து சொல்லிடுவேன்."

நாலு மணிக்கு அவர் டை கட்டிக்கொண்டு வந்தார். கையில் பேச்சுக் காகிதம். பக்கத்து வீட்டிலிருந்து நடந்து வந்தவரிடம் நான் ஃப்ரீவே டிராஃபிக்கைப் பற்றி ஆரம்பித்தேன். பின்னாலிருந்து என் மனைவி, "உள்ள வாங்க அங்கிள், கார்டு பூஜையில இருக்கு," என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஷூவைக் கழற்றிவிட்டு வந்து மெல்ல மண்டியிட்டார். கார்டுகளையும் பொட்டையும் பார்த்தார். டையைத் தளர்த்திக்கொண்டார். நான்தான் வைத்தேன் என்றேன். இன்று இதையெல்லாம் சரஸ்வதியிடம் ஒப்படைத்திருக்கிறோம், நாளைக் காலை திரும்பக் கிடைக்கும் என்று உளறினேன்.

"இங்கே எத்தனை பிரதி கொடுக்கணும்?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"ஒண்ணு போதும்."

"வாஷிங்டனை விடப் பரவாயில்லை."

மனைவிக்கே மனசு கேட்கவில்லை. அவருக்கு வேலை இருக்கிறது, சாமி கோபித்துக்கொள்ளாது, எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். அவர் கையை நீட்டவில்லை. ஒப்படைத்தது ஒப்படைத்ததுதான், அலுவலகம் திறக்கட்டும் என்றார். கார்டுக்குப் பதிலாக என்னை இழுத்துக்கொண்டு போனார். நூலகத்தில் எட்டுப் பத்துப் பெரியவர்களுக்கு முன்னால் பாதிப் பேச்சை அவர் பேசினார். கார்டு ஏன் வரவில்லை என்ற மீதியை என்னைப் பேச வைத்தார். என் கிரீன் கார்டு இன்டர்வியூவில்கூட அவ்வளவு வேர்த்ததில்லை.

மறுநாள் காலை பூஜை முடிவதற்குள் எங்கள் வாசலில் ஆறு ஜோடி ஷூ. அவரும் நண்பர்களும் கார்டு வெளியே வருவதைப் பார்க்க வந்திருந்தார்கள். மனைவி கற்பூரம் காட்டி, கார்டை எடுத்து, சுண்டல் கிண்ணத்தோடு அவர் கையில் கொடுத்தாள். பொட்டு காய்ந்து, சந்தன எண்ணெய் ஒரு மெல்லிய வளையமாக இறங்கியிருந்தது. அது இனி போகாது. ஊதா முத்திரை அடித்தவரும் இப்படிப் பார்க்காமல்தான் அடித்திருப்பார் என்று அவருடைய நண்பர் ஒருவர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டினார். சுண்டல் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டார்.

பிறகு என் கார்டைக் கேட்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கருகே பிடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்.

"ஊதா போலி. சிவப்பு அசல், நேற்று இங்கேயே பதிவானது, சாட்சி இருக்கிறது," என்றார்.

எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே, கொண்டுவந்திருந்த ஆல்பத்தைத் திறந்து, பல வருடமாகக் காலியாக வைத்திருந்த பக்கத்து உறையில் அதைச் செருகினார். உண்மையான இரண்டாம் பிரதி கிடைக்கிற வரைக்கும்தான் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து தேடுகிறோம்.